அதியமான்கோட்டை: நிலமும் மரபும்

முன்னுரை

ஊர்ப்பெயர்கள் வரலாற்றின் வாயில்கள். எனினும் பெயர் ஒன்றே வரலாறு ஆகிவிடாது. தருமபுரி நகருக்குத் தெற்கே சுமார் 7 கி.மீ. தொலைவில், நல்லம்பள்ளி வட்டத்தில் அமைந்த சிற்றூர் அதியமான்கோட்டை. அவ்வூரின் நிலத்தையும் மரபையும் சான்றுகளின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நில அமைப்பு

சேலத்துச் சமவெளியிலிருந்து வடக்கே வருவோர் தொப்பூர்க் கணவாய் ஏறியே தருமபுரி மேட்டுநிலத்தை அடைதல் வேண்டும். அம்மேட்டின்மேல் அவ்வழியிலேயே இவ்வூர் உள்ளது. இன்றும் சேலம் நெடுஞ்சாலையிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் செல்லும் சாலை இவ்வூரில்தான் பிரிகின்றது. தெற்கிலிருந்து வரும் படையை எதிர்நோக்கிக் காக்க ஏற்ற இடம் இது எனக் கருதலாம். மழையை நம்பிய வானம் பார்த்த பூமியாதலின் கேழ்வரகு, சாமை முதலிய புன்செய்ப் பயிர்கள் இவ்வட்டாரத்தார்க்கு உரியனவாயின.

இலக்கியச் சான்று

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அரிதின் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டால் அறிகிறோம். அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என 99ஆம் பாட்டு கூறும். இன்று பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்பதைக் காணும்போது அப்பாட்டு நம் நினைவில் எழாதிராது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து சுட்டும். அப்போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின.

கல்வெட்டுச் சான்று

அதியமான் புலவர்தம் கற்பனையோ என ஐயுறுவார்க்கு விடை தந்தது கல். திருக்கோவலூரை அடுத்த ஜம்பை மலைக்குகையில் 1981இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி என்பது அதன் பொருள். பாழியாவது துறவியர் உறைவிடம். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு எண்ணும் சதியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் வினாவுக்கும் இக்கல்வெட்டே விளக்கம் தந்தது. பாட்டும் கல்லும் ஒன்றற்கொன்று சான்றாதல் இதனால் விளங்கும்.

கலைச் செல்வம்

இவ்வூர்ச் சென்றாயப் பெருமாள் கோயில் மகாமண்டபத்து விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. இவை சங்ககாலத்தன அல்ல, மிகப் பிற்பட்டவை. ஊரில் உள்ள பழமை அனைத்தையும் அதியமானுக்கே உரிமையாக்குவது ஆய்வு நெறி ஆகாது. ஒவ்வொரு காலத்தாரும் விட்டுச்சென்றதை அவ்வக் காலத்ததாகவே போற்றுதல் வேண்டும்.

முடிவுரை

கல் நிலைத்தது, தகடூர் யாத்திரையின் ஏடோ சிதைந்தது. விதானத்து வண்ணமோ ஈரத்திற்கும் புகைக்கும் அஞ்சுவது. ஒருமுறை உதிர்ந்தால் மீளாது. நெடுஞ்சாலையில் நாள்தோறும் அவ்வூரைக் கடந்து செல்லும் நம் மாணவர் ஒருநாள் இறங்கிப் பார்ப்பாராக. கண்டதை அளந்து, வரைந்து, எழுதி வைப்பாராக. படித்த பாட்டு பிறந்த மண்ணை அறிந்து காப்பதும் தமிழ்க் கல்வியின் ஒரு கூறேயாம்.