பார்சல் விமானமா, பயணி விமானமா?

சோழவந்தான் பக்கம் கொடிக்காலை அடகு வைத்துப் பிள்ளையைப் பைலட்டுக்குப் படிக்க வைத்த வீட்டில், 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் உண்மையான கணக்கு ஆரம்பிக்கிறது. இண்டிகோ மாதிரி பயணி கம்பெனியா, சரக்குக் கம்பெனியா? “பார்சல் ஏத்துற வண்டியா?” என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதை விடுங்கள்.

சம்பளத்தில் மாதத் தொகையைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். 2023இல் ஸ்பைஸ்ஜெட் கேப்டனுக்கு மாதம் ஏழரை லட்சம் என்று அறிவித்தது. அது 75 மணி நேரம் பறந்தால்தான். பறக்காத மாதத்தில்? 2020 ஊரடங்கில் பயணி விமானங்கள் இரண்டு மாதம் நின்றன. பைலட்டுகளுக்கு ஏப்ரல், மே சம்பளம் கிடையாது, சரக்கு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் பறந்த மணிக்குக் காசு என்றது அதே கம்பெனி. அன்றைக்குச் சோறு போட்டது பார்சல்தான். ஆகவே முதல் கேள்வி: விமானம் ஷெட்டில் நின்றாலும் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி?

அடுத்தது, உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது? 1996 முதல் பறக்கும் புளூடார்ட் ஏவியேஷனுக்குச் சென்னைதான் தலைமையிடம். சரக்கு சொந்தக் கூரியருடையது, பின்னால் நிற்பது டிஹெச்எல். குயிக்ஜெட் 2023 ஜனவரியில் அமேசானுக்காகப் பறக்க ஆரம்பித்தது; ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பினால் அவர் மனம் மாறும் நாளில் என்ன ஆகும் என்பதை நேர்முகத்திலேயே கேட்டுவிட வேண்டும். கேப்டன் கோபிநாத்தின் டெக்கான் 360 சரக்கு விமானம் 2009இல் வந்து 2011இல் நின்றே போனது. அதற்காகப் பயணி கம்பெனி பத்திரம் என்று நினைக்க வேண்டாம்: கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் ஏர்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல் பறப்பதை நிறுத்தின.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது விமானத்தின் ரகம். புளூடார்ட்டில் போயிங் 757, 737 இரண்டும் உண்டு. 757ஐ இந்தியாவில் எந்தப் பயணி கம்பெனியும் ஓட்டுவதில்லை. அந்த ரகத்தை ஓட்டும் தகுதியான ரேட்டிங்கோடு வெளியே வந்தால் வேறு ரகத்துக்கு மறுபடி பயிற்சி, மறுபடி செலவு. 737 கற்றவனுக்கு ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கதவுகள் திறந்திருக்கும். முதல் வேலைக்கு 737 அல்லது ஏ320, சரக்கோ பயணியோ எதுவானாலும் சரி. சென்னையிலேயே 65 வயது வரை இருந்துவிடலாம் என்பவர் 757ஐத் தாராளமாக எடுக்கலாம்.

இரவு வேலையையும் யோசியுங்கள். சாயங்காலம் சேர்ந்த பார்சல் விடிவதற்குள் வேறு ஊர் போக வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர், ஏர்ஹோஸ்டஸ் இல்லை, காபியும் தானே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பகலில் தூக்கம் வராதவனுக்கு இது ஒத்துவராது.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏயின் 2017 விதிப்படி ராஜினாமா நோட்டீஸ் துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். அதற்கு மேல் கம்பெனி போடும் பயிற்சி பாண்ட் தனி. பிள்ளை கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை மதுரையில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.