தண்ணீருக்கு நின்ற வண்டி

ஆற்றங்கரைகளில் ஊர்கள் தோன்றிய வரலாற்றை நாம் பள்ளிப் பருவம் தொட்டே பயின்று வருகிறோம். ஓர் எந்திரத்தின் நீர்வேட்கையால் ஊர்கள் தோன்றியதும், அவ்வேட்கை இல்லாதொழிந்தபோது அவ்வூர்கள் வாடியதும் அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க நாட்டில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர்களில், 2019ஆம் ஆண்டு முதல், பழைய நீராவி எந்திரம் ஒன்று கடந்து செல்வதைக் காண மக்கள் திரண்டு வந்து நிற்கின்றனர். தாத்தாவின் தோளில் பேரன் அமர்ந்திருக்கிறான். வயலோரத்தில் மடக்கு நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருக்கின்றன. ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும் காட்சிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பானேன்? பழமையின்பால் மக்களுக்குள்ள பற்று என்று எளிதாக விடை கூறிவிடலாம். அவ்விடை போதாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

முதலில் எந்திரத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அதன் எண் 4014. நியூயார்க் மாநிலத்துச் ஸ்கெனெக்டடி நகரில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் நிறுவனம் 1941 முதல் 1944 வரை இவ்வகையில் 25 எந்திரங்களைக் கட்டி முடித்தது. யூட்டா மாநிலத்து ஆக்டன் நகருக்குக் கிழக்கேயுள்ள வாசாட்ச் மலைச்சரிவில், துணை எந்திரம் இன்றித் தனியொன்றாகவே சரக்கு வண்டியை இழுத்துச் செல்லவேண்டும் என்பதே நோக்கம். நீர்த்தொட்டி வண்டியையும் சேர்த்து நீளம் ஏறத்தாழ 132 அடி. எடை ஏறத்தாழ 540 டன். இத்துணை நீண்ட உடல் வளைவுகளில் திரும்பவேண்டும் என்பதற்காகச் சக்கரச் சட்டத்தை இரு கூறாக்கி நடுவே கீல் வைத்தனர். கட்டும் காலத்தில் தொழிலாளி ஒருவர் எந்திரத்தின் முகப்பில் சுண்ணக்கட்டியால் 'பிக் பாய்' என்று எழுதினாராம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியவில்லை. சங்கப் புலவர் சிலர் தம் பாடலில் வந்த தொடராலேயே பெயர் பெற்றதைத் தமிழ் மாணவர் அறிவர். இங்கோ தொடர் மட்டும் நிலைத்தது. எழுதியவர் தொடராலும் அறியப்படாமல் மறைந்தார்.

எந்திரத்தின் நீர்வேட்கை

நீராவி எந்திரம் ஓயாமல் நீர் கேட்பது ஏன்? கொதிகலனில் உண்டாகும் ஆவி உருளைக்குள் புகுந்து உந்துதண்டைத் தள்ளுகிறது. தள்ளி முடித்த ஆவி மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்புவதில்லை; புகைபோக்கி வழியே வானில் கலந்துவிடுகிறது. அவ்வாறு பீறிட்டு வெளியேறும்போது அது புகையையும் உடன் இழுத்துச் செல்கிறது. அவ்விழுப்பினால் அடுப்பினுள் புதுக்காற்று பாய்ந்து நெருப்பு கனன்று எரிகிறது. நாம் கேட்கும் 'குப், குப்' என்னும் ஓசை அந்த ஆவி வெளியேறும் ஓசையே. எனவே நீரை இழப்பது இவ்வெந்திரத்தின் குறையன்று. இழப்பதனாலேயே அது மூச்சு விடுகிறது. பிக் பாயின் தொட்டி ஏறத்தாழ 24,000 அமெரிக்கக் காலன் நீர் கொள்ளும். அதுவும் நெடுவழிக்குப் போதாது.

ஆகவே 1860களில் சமவெளியில் பாதை அமைத்தவர்கள், இடையிடையே நீர்த்தொட்டியும் நிலக்கரிக் குவியலும் வைக்க நேர்ந்தது. எந்திரத்தை மாற்றவும், பழுது பார்க்கவும், ஓட்டுநர் இறங்கி ஓய்வெடுக்கவும் குறித்த தொலைவில் பணிமனைகள் தேவைப்பட்டன. நார்த் பிளாட் 1866இலும், செயென் 1867இலும், லாரமி 1868இலும் இவ்வாறு பிறந்தவை. செயென் என்பது அச்சமவெளியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர். நிலத்தை இழந்தவர்களின் பெயரையே அந்நிலத்தில் எழுந்த ஊருக்கு இட்டனர் என்பதை மறத்தலாகாது.

வயோமிங் மாநிலத்தில் 8,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஷெர்மன் என்றோர் ஊர் இருந்தது. மலையேறி வந்த வண்டிகள் அங்கே நின்று சோதிக்கப்பட்ட பின்னரே இறக்கத்தில் செல்லும். அவ்வூர் வாழ்ந்தது அந்நிறுத்தத்தினால். 1901இல் நிறுவனம் பாதையைச் சில கல் தொலைவு தெற்கே மாற்றியமைத்தது. ஊர் காலியாயிற்று. ஏம்ஸ் உடன்பிறப்பினர் இருவர் நினைவாக 1880களின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய 60 அடிக் கூர்ங்கோபுரம் மட்டும் இன்றும் அவ்வெளியில் நிற்கிறது. தண்டவாளமும் இல்லை, தெருவும் இல்லை.

பத்து நிமிட விருந்து

நீருக்காக வண்டி நின்றதனால் விளைந்தவற்றுள் சிறந்தது, நெப்ராஸ்கா மாநிலத்து நார்த் பிளாட் ஊரில் நிகழ்ந்தது. 1941 டிசம்பர் 17ஆம் நாள், தம் மாநிலத்துப் படைப்பிரிவு ஒன்று வண்டியில் வருவதாகக் கேள்வியுற்று ஊரார் தின்பண்டங்களுடன் நிலையத்தில் கூடினர். வந்த வண்டியில் இருந்தவர்களோ கான்சாஸ் மாநிலத்துப் பிள்ளைகள். சற்றுத் தயங்கிய ஊரார், கொண்டுவந்தவற்றை அவர்களுக்கே கொடுத்தனர். அங்கே இருந்த ரே வில்சன் என்னும் இளம்பெண், இவ்வழியே செல்லும் படைவண்டி ஒவ்வொன்றையும் இவ்வாறே வரவேற்றால் என்ன என்று உள்ளூர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அம்மாத 25ஆம் நாளே நிலையத்தில் உணவுக்கூடம் தொடங்கியது.

1946 ஏப்ரல் 1 வரை அது நடைபெற்றது. ஏறத்தாழ 60 இலட்சம் படைவீரர் அங்கே உண்டனர். அரசு பொருளுதவி செய்யவில்லை. சுற்றியிருந்த 125 ஊர்களின் பெண்கள் முறைவைத்து வந்தனர். உணவுப் பொருள்கள் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. தம் வீட்டுச் சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கேக் செய்தனர், தம் வயலில் வேட்டையாடிய காட்டுக்கோழியை ரொட்டியில் வைத்துத் தந்தனர். அன்று பிறந்தநாள் காணும் வீரன் எவனேனும் வண்டியில் இருந்தால் அவனுக்கென ஒரு முழு கேக்.

இவ்வளவுக்கும் கிடைத்த நேரம் எவ்வளவு? பத்து நிமிடம், சில வேளை பதினைந்து. எந்திரத்திற்கு நீர் ஏற்றி, சக்கர மூட்டுகளுக்கு எண்ணெய் இட்டு முடிக்கும் நேரம் அதுவே. எந்திரம் ஒருபுறம் நீர் அருந்த, மறுபுறம் வீரர்கள் ஓடிவந்து காப்பி அருந்தினர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்து வழிப்போக்கரை நிறுத்தி மோர் வார்க்கும் மரபுடைய நமக்கு இது புதிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் பந்தலில் நீரைக் காட்டி மனிதரை நிறுத்துகிறோம். அங்கே எந்திரம் நீருக்காக நின்றது. அந்நிறுத்தத்தை ஊரார் விருந்தாக்கிக் கொண்டனர். வருவோர் யாரெனத் தெரியாது, மீண்டும் வருவார் என்பதும் உறுதியில்லை. விருந்தோம்பலைக் கற்பிக்கும் வகுப்பில் யான் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. மாணவர் அதிகாரத்தை மறந்தாலும் கான்சாஸ் பிள்ளைகளை மறப்பதில்லை.

போருக்குப் பின் டீசல் எந்திரம் வந்தது. அது சிற்றூர்களில் நீர் கேட்டு நிற்பதில்லை. பிக் பாய் வகை 1959 ஜூலையில் தன் கடைசிச் சரக்கை இழுத்தது. 1971இல் பயணி வண்டிகளும் நார்த் பிளாட்டைக் கைவிட்டன. 1973இல் அந்நிலையக் கட்டடம் இடிக்கப்பட்டது. சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் மாபெரும் முற்றம் அங்கு உள்ளமையால் ஊர் பிழைத்தது. அவ்வாறு பிழைக்க வழியில்லாத சிற்றூர்கள் பல. வண்டிகள் இன்றும் அவற்றின் வழியே செல்கின்றன, முன்னிலும் நீளமாக, முன்னிலும் மிகுதியாக. ஆனால் எவரும் இறங்குவதில்லை. 2018 ஜூனில் ஆர்க்கன்சாஸ் மாநிலப் படையினர் ஏறத்தாழ 700 பேர் நார்த் பிளாட் வழியே சென்றபோது ஊரார் மீண்டும் ஒருமுறை உணவுக்கூடம் திறந்து உபசரித்தனர். அவர்கள் வந்தது பேருந்துகளில்.

மீண்டும் நின்ற எந்திரம்

4014 அரை நூற்றாண்டு காலம் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் காட்சிப் பொருளாக நின்றது. நிறுவனம் 2013இல் அதை மீண்டும் பெற்று, 2014இல் செயென் பணிமனைக்கு இழுத்து வந்தது. எட் டிக்கன்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு அதை ஏறத்தாழ முழுவதுமாகப் பிரித்துப் புதுக்கிற்று. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரியும்படி மாற்றினர். கண்டத்தைக் கடக்கும் பாதை நிறைவுற்ற 150ஆம் ஆண்டு நிறைவுக்காக 2019 மே மாதம் அது தன் ஆற்றலாலேயே ஆக்டன் சென்றது. பின்னர்ப் பல மாநிலங்களில் ஓடிற்று. 2023 ஜூனில் செயெனிலிருந்து நெப்ராஸ்கா வழியே ஒமாகா சென்றது.

எண்ணெய்க்கு மாறினாலும் வேட்கை மாறவில்லை. பழைய நீர்த்தொட்டிகள் வழியில் இல்லை. எனவே கூடுதல் நீர்வண்டிகளை இணைத்துச் செல்கின்றனர். அதுவும் குறையும்போது ஊரின் தீயணைப்புக் குழாயிலிருந்து நீர் பிடிக்கின்றனர். குழுவினர் இறங்கி மூட்டுகளுக்கு மசகு இடுகின்றனர். ஆகவே பேருருவம் கொண்ட இவ்வெந்திரம், விரைவு வண்டி ஒன்றும் நிற்காத ஊரில் சிறிது நேரம் நின்றே ஆகவேண்டியுள்ளது. மக்கள் திரளும் காரணம் இதுவென்றே யான் கருதுகிறேன். அவர்கள் விரைவைக் காண வருவதில்லை. தம் ஊரில் நின்றாக வேண்டிய தேவையுடைய ஒன்றை, தம் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செல்லும் ஒன்றைக் காண வருகின்றனர்.

ஆர்வம் அளவு கடத்தலும் உண்டு. 2024 ஜூன் 3ஆம் நாள் மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில், கனடாவிலிருந்து சென்ற 2816 என்னும் மற்றொரு பழைய எந்திரத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கத் தண்டவாளத்தை நெருங்கிய பெண் ஒருவர் அடிபட்டு இறந்தார். பிக் பாய் வரும் ஊர்களில் 25 அடி விலகி நிற்குமாறு நிறுவனம் வேண்டுகிறது. படக்கருவியின் சிறு கண்ணாடியில் தொலைவு தொலைவாகவே தெரியும். எந்திரத்திற்கு அது தெரியாது.

தமிழில் இன்றும் நாம் 'புகைவண்டி நிலையம்' என்று எழுதுகிறோம். புகை போய்விட்டது, பெயர் நிற்கிறது. என் இளமையில் எங்கள் ஊர் நிலையத்தின் கோடியில் யானைத் துதிக்கை போல் வளைந்த நீர்க்குழாய் ஒன்று இருந்தது. மீட்டர்கேஜ் எந்திரம் அதன் கீழ் வந்து நிற்கும். நீர் வழிந்து சரளைக்கல் நனையும். அந்நேரத்தில் முறுக்கு விற்பவர் இரண்டு பெட்டிகளையாவது சுற்றி வந்துவிடுவார்.