ஓடாத ஸ்போர்ட்ஸ் காரின் செலவுக் கணக்கு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “2011 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று சென்னையில் விலைக்கு வந்திருக்கிறது. 2.9 லிட்டர் இன்ஜின், பி.டி.கே. ஆட்டோமேட்டிக், இரண்டு ஓனர். 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 32 லட்சம் சொல்கிறார்கள். வாங்கினால் வருஷத்துக்கு என்ன செலவு வைக்கும்?”

விற்பவர் வாயைத் திறந்ததும் சொல்லியிருப்பது அந்த 28,000 கிலோமீட்டராகத்தான் இருக்கும். எனக்கு உறுத்துவதும் அதுதான். பதினைந்து ஆண்டுக்கு வகுத்துப் பாருங்கள்: வாரத்துக்கு 36 கிலோமீட்டர் தேறாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு சுற்று, மற்ற ஆறு நாளும் உறை போட்டு ஷெட்டில். இன்னோவாவுக்கோ ஸ்விஃப்டுக்கோ குறைந்த கிலோமீட்டர் நல்ல சேதி. பதினைந்து வயது ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படியில்லை. இதில் செலவு வைக்கும் பொருள்களில் பாதிக்கு மேல் ரப்பர், பிளாஸ்டிக், திரவம். அவை ஓட்டத்தைப் பார்த்துக் கெடுவதில்லை, வயதைப் பார்த்துக் கெடுகின்றன.

டயரில் தொடங்குங்கள். பட்டன் முழுசாக இருக்கும். அதைக் காட்டித்தான் ‘டயர் புதுசு சார்’ என்பார்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையைத் தேடி அதன் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3216 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ரப்பர் அமுங்காது. வெயிலில் வைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஈர ரோட்டில் இப்படிப்பட்ட டயர் பிடிக்காது. பாக்ஸ்டரில் பின் டயர் அகலம், முன் டயர் ஒடுக்கம், ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் வழியில்லை. ஆறு வயது தாண்டிய டயரானால் நான்கையும் மாற்றும் செலவை அப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து டார்ச் எடுத்துக்கொண்டு முன் பம்பருக்கு எதிரே குந்துங்கள். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்சக்கரங்களுக்கு முன்னே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ.சி. கண்டென்சர். பம்பரின் காற்றுத் திறப்பு வழியாக வேப்பிலை, புங்கம்பூ, பிளாஸ்டிக் கவர் எல்லாம் உள்ளே போய் இரண்டுக்கும் இடையில் மக்கிக் கிடக்கும். மழைக்காலம் முழுக்க அந்தக் குப்பை ஈரத்தோடு அலுமினியத்தை அரிக்கும். கடற்கரையோரம் நின்ற வண்டியானால் உப்புக்காற்றும் சேரும். டார்ச் வெளிச்சத்தில் ஃபின்கள் விரல் பட்டாலே உதிரும் பொடியாகத் தெரிந்தால், ஏ.சி. இன்று குளிர்ச்சியாக இருக்கலாம், வரும் சித்திரை வெயிலில் இருக்குமா என்பது சந்தேகம். சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. பம்பரைக் கழற்ற வேண்டும் என்பதால் யாரும் செய்வதில்லை.

துணிக்கூரை வண்டிக்கு மழைதான் முதல் எதிரி. கூரை மடிந்து உட்காரும் இடத்தின் இரு ஓரத்திலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தங்கும். அலாரம், இம்மொபிலைசர் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை வைக்க கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த இடம் சீட்டுக்கு அடியில்! ஜெர்மனிக்காரரின் புத்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. அந்தப் பெட்டி நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புதிது வாங்கினாலும் சாவியோடு கம்ப்யூட்டரில் இணைத்தால்தான் ஏற்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விரிப்பை அழுத்திப் பாருங்கள். ஈரமோ பூசண வாடையோ இருந்தால் கேள்வி கேளுங்கள். சென்னைப் பதிவு என்பதால் இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் தரைத்தளப் பார்க்கிங்கில் முழுகிய வண்டிகள் கழுவித் துடைத்து இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால், 32 லட்சம் என்ன, 12 லட்சத்துக்கும் வேண்டாம்.

இனி இன்ஜின். இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ‘இதைவிட மலிவாக 2006, 2007 மாடல் இருக்கிறது’ என்று புரோக்கர் வேறொன்றைக் காட்டக்கூடும், போகாதீர்கள். 1996-இல் வந்த முதல் பாக்ஸ்டர் தொடங்கி 2008 வரையிலான இன்ஜின்களில் ஐ.எம்.எஸ். என்ற இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் முனையில் இருக்கும் பேரிங் உடைந்தால் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே போய்விடும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2013-இல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 2006 முதல் பெரிய பேரிங் போட்டார்கள். அது உடைவது அரிது. ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். 2009 மாடலிலிருந்து வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. நீங்கள் பார்த்திருப்பது அந்த வகை.

பாக்ஸ்டர் ‘எஸ்’ கிடைக்கவில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். எஸ்-இல் இருப்பது 3.4 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஓட்டச் சுகம்தான். கூடவே உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப்பும், உள்வாங்கு வால்வில் படியும் கரியும் வரும். சாதாரண 2.9-இல் பெட்ரோலைப் பழைய முறையில் வால்வுக்கு முன்னால்தான் தெளிக்கிறார்கள். வயதான வண்டிக்கு அதுவே போதும்.

பி.டி.கே. கியர்பாக்ஸ் நல்ல பொருள். ஆனால் அதனுள் இரண்டு தனித்தனி ஆயில் இருக்கின்றன: கிளட்ச் பக்கம் ஒன்று, கியர் பக்கம் ஒன்று. இரண்டையும் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். ‘கிலோமீட்டர் வரவில்லை, அதனால் மாற்றவில்லை’ என்பார்கள். சர்வீஸ் அட்டவணையில் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. இந்தக் கியர்பாக்ஸின் உள் சென்சார் பழுதானால் பல காலம் கம்பெனி முழுப் பெட்டியாகத்தான் மாற்றித் தந்தது. இப்போது வெளியே பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நம் ஊரில் விரல்விட்டு எண்ணலாம்.

பேரம் பேசும் முன் கொஞ்சம் காசைச் செலவழியுங்கள்: போர்ஷே படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேன் போடச் சொல்லுங்கள். எரர் கோடு மட்டும் பார்த்துவிட்டு இறக்கிவிடக் கூடாது. இன்ஜின் கம்ப்யூட்டரில் மொத்தம் எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடியது என்ற கணக்கு இருக்கும். கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 28,000 கிலோமீட்டருக்கு 1,000 மணி நேரம் என்றால் மணிக்கு 28. சென்னைக்கு நம்பத் தகுந்தது. 2,400 மணி நேரம் என்றால் மணிக்கு 12 கூட வராது. அப்படியானால் நின்ற இடத்திலேயே ஓடவிட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரண்டும் நமக்கு ஆகாது.

சரி, பணம். பழைய சொகுசு வண்டியில் எல்லோரும் சறுக்கும் இடம் இது: வண்டியின் விலை இறங்கிவிட்டது, உதிரி பாகத்தின் விலை இறங்கவில்லை. 32 லட்சத்துக்கு வாங்குபவர் 32 லட்ச ரூபாய் எஸ்.யு.வி.யின் சர்வீஸ் பில்லை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குகிறார். பில் வருவது புது போர்ஷேயின் கணக்கில். இன்ஜின் ஆயிலே ஏழு லிட்டருக்கு மேல் பிடிக்கும். (ஆயில் குச்சி கிடையாது, அளவை மீட்டர் திரையில்தான் பார்க்க வேண்டும்.)

என் கணக்கு இப்படி. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை, உங்கள் விஷயத்தில் ஆறு லட்சத்துச் சொச்சத்தை, முதல் ஆண்டுக்கென்று தனியே ஒதுக்குங்கள். நான்கு டயர், பேட்டரி, எல்லாத் திரவங்களும், ஆறு பிளக்கும் தேவைப்பட்டால் காயில்களும், பெல்ட், வாட்டர் பம்ப், வெடித்த ஹோஸ்கள், நம் வேகத்தடைகளில் அடி வாங்கிய லோயர் ஆர்ம் புஷ்கள், முன் சொன்ன ரேடியேட்டர் வேலை எல்லாம் அதில் அடங்க வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் சராசரி என்று வையுங்கள். ஒரு வருஷம் நாற்பதாயிரத்தோடு முடியும். அடுத்த வருஷம் கிளட்சோ கூரை மோட்டாரோ வந்து நான்கு லட்சம் கேட்கும். சராசரியை மாதாமாதம் எடுத்து வைக்கிறவருக்கு அந்த வருஷம் தூக்கம் கெடாது.

பெட்ரோல் இதில் சில்லறை. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர், ஊருக்குள் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், உயர் ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 78,500 ரூபாய் சொச்சம். ஆனால் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்த வண்டி இல்லை இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் டாங்கில் தேங்கவிடுவது ரப்பர் குழாய்களுக்கு நல்லதல்ல. வாங்கினால் ஓட்டுங்கள். வாரம் ஒரு முறை, ஆயில் நன்றாகச் சூடேறும் வரை, குறைந்தது அரை மணி நேரம். ஓட்ட முடியாத வாரங்களில் பேட்டரிக்கு ட்ரிக்கிள் சார்ஜர் போட்டு வையுங்கள். பேட்டரி இருப்பது முன் டிக்கியில், முன் டிக்கி திறப்பது பேட்டரியால். அது செத்தால் வேடிக்கைதான். காலடிப் பக்கம் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கிற பாசிட்டிவ் முனை ஒன்று உண்டு, அதில் வெளிமின்சாரம் கொடுத்துத் திறக்க வேண்டும். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சர்வீஸ் எங்கே என்பது அடுத்த கேள்வி. கம்பெனி சர்வீஸ் ஒழுங்கானது, ஆனால் பதினைந்து வயது வண்டிக்கு எல்லாவற்றையும் அங்கேயே செய்ய வேண்டியதில்லை. ஃபில்டர் மாலே, காயில் பாஷ், ஷாக் சாக்ஸ் என்று இந்த வகை பாகங்களைச் செய்து தருகிற கம்பெனிகளே தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. போர்ஷே முத்திரை இல்லாததால் விலை குறையும். பெயரே தெரியாத சேம்பிள் சரக்கை மட்டும் பிரேக்கிலும் கூலிங்கிலும் போட விடாதீர்கள். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

காகிதச் செலவையும் சேர்க்க வேண்டும். 2011 பதிவு என்றால் ஆர்.சி.யின் 15 ஆண்டு முடியும் தறுவாய். எஃப்.சி. பார்த்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதி வண்டிக் கணக்கில் வந்தால் 40,000. உங்கள் ஆர்.சி. எந்தக் கணக்கில் வரும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, முடிந்தால் விற்பவரே புதுப்பித்துத் தர வேண்டும் என்று பேசுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் பெரிய விஷயமல்ல, 1,500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. சிக்கல் சொந்தச் சேதத்தில். பத்து வயது தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதி. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பை, தாழ்த்திப் போடும் ஏஜென்டைத் தடுங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். பம்பர், ஹெட்லைட், இரண்டு ரேடியேட்டர் என்று ஒரு முன்மோதலே அந்தக் கோட்டின் பக்கம் கொண்டுபோய்விடும். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை, ஆகவே பேசுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால், ரேஸில் நேர்கிற சேதத்துக்குப் பாலிசி பொறுப்பேற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆக, வாங்கலாமா? ஸ்கேனும் லிஃப்டும் சுத்தமாக வந்து, திரவங்கள் மாற்றியதற்கு ஆண்டுவாரியாக பில் இருந்தால் 30 வரை போகலாம். பில் இல்லை, டயர் பழசு என்றால் 26க்கு மேல் ஒரு ரூபாய் ஏறாதீர்கள். இதே வயதில் 60,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் சர்வீஸ் பார்த்த பாக்ஸ்டர் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். லிஃப்டில் ஏற்றவே மாட்டேன் என்று விற்பவர் அடம் பிடித்தால் அடுத்த பஸ்ஸில் திருப்பூர் திரும்பிவிடுங்கள்.

வாங்கிவிட்டால், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. உங்கள் பழைய காரை விற்றபோது சேர்ந்திருந்த போனஸுக்குச் சான்று வாங்கி வைத்திருந்தால், மூன்றாண்டுக்குள் அதை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.