கடைசி ஆக்சுவேட்டரை அணைத்தபோது

பொன்னேரியில் வீடு இருப்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். கடலோரம் காட்டுப்பள்ளியில், 2010-ல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை. எங்கே போனாலும் குழாய், குழாய் இருந்தால் வால்வு, அதன் தலையில் மோட்டார் ஆக்சுவேட்டர். அதற்குள் தகவல் தொடர்பு கார்டைப் போட்டு, ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யோடு பேச வைப்பதுதான் என் பிழைப்பு.

ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) 11 ஆக்சுவேட்டர்களை ஒரே புரொஃபிபஸ் தகவல் தொடர்பு லைனில் கோத்துக் கொடுத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் காலை போன். "சார், பாதி வால்வு கன்ட்ரோல் ரூம்ல தெரியல, மீதி வருது போவுது."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கார்டை பி.எல்.சி.க்கு அறிமுகப்படுத்தும் ஜி.எஸ்.டி. (GSD) ஃபைலைத் திரும்ப ஏற்றினேன், முகவரிகளைச் சரிபார்த்தேன், நல்ல கார்டு ஒன்றையும் கழற்றி மாற்றினேன். மதியம் வரை அதே கதை. டீ குடிக்கும்போது ஃபிட்டர் சாதாரணமாகச் சொன்னார்: "கடைசி வால்வுல கிளாண்ட் பேக்கிங் மாத்துறோம் சார், காலையிலயே அதுக்குக் கரண்ட்டை எடுத்துட்டோம்."

அதேதான். லைனின் இரு முனையிலும் டெர்மினேஷன் வேண்டும்: இரண்டு கம்பிக்கும் நடுவே 220 ஓம், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு 390 ஓம். அந்த 5 வோல்ட்டைக் கொடுப்பது கடைசி ஆக்சுவேட்டரின் கார்டு. அதை அணைத்தால் முனை அனாதை. லைன் ஓய்ந்திருக்கும்போது சிக்னலைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் மற்றவர்களின் பேச்சும் கெடும். அன்றிலிருந்து லைன் முடியும் இடத்தில் தனி சப்ளையுள்ள டெர்மினேட்டர் கேட்டு வாங்குகிறேன். பர்ச்சேஸ்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

லேப்டாப்பைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுப்பதும் அன்று வந்த பழக்கம்தான். எல்லாவற்றுக்கும் சப்ளையை எடுத்துவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே ஓம் பாருங்கள். 110 பக்கம் காட்டினால் இரு முனையும் சரி. 220 என்றால் ஒரு முனைதான் இருக்கிறது. 70 பக்கம் இறங்கினால் நடுவில் எவரோ ஒரு கார்டின் டெர்மினேஷன் சுவிட்சை ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நீளமான கேபிளில் எண் கொஞ்சம் ஏறும். புரொஃபிபஸுக்குப் பதில் மோட்பஸ் லைன் என்றால் முனைக்கு 120 ஓம், எனவே 60 வரவேண்டும்.

வேகத்தில் ஆசைப்படாதீர்கள். 1.5 எம்.பி.பி.எஸ். வைத்தால் ஒரு செக்மென்ட் 200 மீட்டர்தான், 187.5 கே.பி.பி.எஸ்.க்கு இறக்கினால் 1,000 மீட்டர். மூடவே ஒரு நிமிஷம் எடுக்கும் வால்வுக்கு என்ன அவசரம்?

மோட்பஸில் ரிஜிஸ்டர் எண் ஒன்று தள்ளிப்போவது வழக்கமான தலைவலி: கையேட்டில் 40001 என்று இருப்பது லைனில் 0 ஆகப் போகும். பொசிஷன் கேட்ட இடத்தில் டார்க் (முறுக்கு விசை) வந்தால் கார்டைத் திட்டாதீர்கள், ஒன்றைக் கழித்துப் பாருங்கள். எல்லாம் படிக்கிறது, வால்வு மட்டும் அசையவில்லை என்றால், செலக்டர் லோக்கலில் நிற்கிறதா என்று முதலில் நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். நான் இதற்கு அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மூடியைத் திறக்கவே எனக்குப் பயம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றும் மழையும் ஒரு தரம் உள்ளே போனால் கார்டின் பின்கள் பச்சை பூக்கும். தார்ப்பாய் கட்டாமல் திறப்பதில்லை. ஓ-ரிங்கைத் துடைத்துக் கிரீஸ் தடவாமல் மூடுவதுமில்லை.

லைன் அறுந்தால் வால்வு நின்ற இடத்தில் நிற்பதா, மூடுவதா, திறப்பதா என்பதை மட்டும் நானாக முடிவு செய்யமாட்டேன். கார்டிலேயே அதை அமைக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பம்பின் டெலிவரி வால்வு தானாக மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பது பிராசஸ் இன்ஜினியருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு டேக் நம்பருக்கும் எதிரே அவரையே எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அமைப்பேன். "இதுக்கெல்லாமா சார்?" என்று ஒருமுறை சலித்துக்கொண்ட இன்ஜினியர் ஒருவர், பட்டியலில் பாதி வரும்போது பேனாவை நிறுத்திவிட்டு ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் போட்டார்.