தேற்றமும் ஐயமும்: ஆங்கிலத்தை இத்தாலியமாக்குங்கால் நோக்கத்தக்கன

ஒன்றைத் துணிந்து கூறுதல் தேற்றம். துணியாது கூறுதல் ஐயம். ‘அவனே வந்தான்’ என்பதில் ஏகாரம் தேற்றத்தையும், ‘பத்தோ பதினைந்தோ’ என்பதில் ஓகாரம் ஐயத்தையும் உணர்த்துதலை நாம் இளமையிற் கற்றோம். மொழிபெயர்ப்போன் சொற்பொருளை மட்டுமன்றிச் சொல்வோனுடைய துணிவின் அளவையும் பெயர்த்தல் வேண்டும். சதுரகராதி தந்த வீரமாமுனிவர் பிறந்த நாட்டு மொழி இத்தாலியம். இன்று நம்மவர் பலர் அந்நாட்டுப் பலேர்மோ நகரிற் குடியேறி வாழ்கின்றனர். ஆதலின் அம்மொழியினின்று சில எடுத்துக்காட்டுக்களை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, உருவொத்த சொற்கள். ஆங்கிலத்து ‘ஈவென்சுவலி’ என்பது ‘காலந் தாழ்த்தேனும் ஈற்றில்’ எனப் பொருள்படும். அதே இலத்தீன் அடியிற் பிறந்த இத்தாலிய ‘எவென்துவல்மென்தே’ என்பதோ ‘வேண்டுமாயின், நேருமாயின்’ எனப் பொருள்படும். ‘நிலுவை வாடகையை ஈற்றிற் செலுத்துவேன்’ என்னும் ஆங்கிலக் கடிதத்தை ஒருவன் உருவொப்புமையை நம்பிப் பெயர்ப்பானாயின், ‘வேண்டுமாயின் செலுத்துவேன்’ என்றே வீட்டுக்காரர் படிப்பர். கடன் தீர்க்க எண்ணியவன் ஏமாற்றுவோனாகக் கருதப்படுவான். ஈண்டுத் தக்க சொல் ‘அல்லா ஃபீனே’ என்பதாம்.

இரண்டாவது, வினை. ‘ஹீ மஸ்ட் பீ அட் ஹோம்’ என ஆங்கிலர் ஊகித்துக் கூறுவதை, இத்தாலியர் ‘சரா’ என்னும் எதிர்கால வினையாலும் கூறுவர். இது நமக்குப் புதிதன்று. ‘அவன் இப்போது வீட்டில் இருப்பான்’ என நாமும் எதிர்காலத்தாலன்றோ ஊகிக்கின்றோம்? மேலும், ‘அறிவேன்’, ‘நினைக்கிறேன்’ என்னும் இரண்டன் பின்னும் ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்பதே வரும். இத்தாலியத்தில் அறிவேன் என்பதன் பின் ‘எ’ என்றும், நினைக்கிறேன் என்பதன் பின் ‘சீயா’ என்றும் வினை வேறுபடும்.

மூன்றாவது, கேள்விச் செய்தி. ‘திருடினானென்று சொல்லப்படுகிறது’ என்னுங் கருத்துடைய ஆங்கிலத் தொடரை ‘ஆ ருபாதோ’ எனப் பெயர்த்தால், ‘திருடினான்’ என்னுந் தீர்ப்பாய் முடியும். இத்தாலியப் பத்திரிகைகள் அவ்விடத்து ‘அவ்ரெப்பே ருபாதோ’ என நிபந்தனை வினையால் எழுதும். ‘பிறர் கூறுவது, யாம் துணிந்திலேம்’ என்பது அதன் கருத்து. வினைவடிவு ஒன்றின் மாற்றத்தில் ஒருவனுடைய மானம் தங்கியிருத்தல் காண்க.

நான்காவது, எண். ‘சென்தோ’ என்பது சரியாக நூறு. ‘ஊன் சென்தினாயோ’ என்பது நூறளவில். ‘தியேச்சி’ என்பது பத்து. ‘ஊனா தெச்சீனா’ என்பது பத்தளவில். ஆங்கிலத்தில் ‘அபவுட்’ எனத் தனிச்சொல்லால் உணர்த்துவதை இங்கே பெயரின் விகுதியே உணர்த்துகின்றது.

ஆகவே மாணவர் பேனாவை எடுக்குமுன் மூன்று வினாக்களைத் தம்முட் கேட்டல் நன்று: சொல்லப்பட்டது யாது? எவ்வளவு துணிவுடன் சொல்லப்பட்டது? சொன்னவர் தாமே கண்டதோ, பிறர்வாய்க் கேட்டதோ? இவற்றிற்கு விடை கண்டபின்னரே அகராதியைத் திறத்தல் வேண்டும். ஐயத்தைத் தேற்றமாக்குதல் பொய். தேற்றத்தை ஐயமாக்குதலும் பொய்யேயாம்.