மணியின் வால்: நாய்க்கு வால் அகற்றும் அறுவை சிகிச்சையும் அதன் பின்னான கவனிப்பும்

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு எங்கள் மணியையும் அழைத்து வந்திருந்தேன். வந்திருந்த அன்பர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன சார், நாயின் வாலை வெட்டிவிட்டீர்களாமே?" என்பதுதான். கேட்ட தொனியில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது. இன்னொரு நண்பர் என்னைத் தனியே அழைத்து, தாம் வாங்கப்போகும் டாபர்மேன் குட்டிக்கு வாலை நறுக்கியே தருவதாக விற்பவர் சொல்கிறார், நல்லதுதானே என்று கேட்டார். நோய்க்காக வாலை எடுப்பதும் அழகுக்காக வாலை நறுக்குவதும் ஒன்றே என்று பலர் எண்ணியிருப்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆசிரியரிடம் சொன்னேன்; "நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பெட்டிகளைப் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவன். மணிக்குச் சிகிச்சை செய்த டாக்டர் அம்மாள் பொறுமையாகப் படம் வரைந்து விளக்கியதையும், அவர் படிக்கக் கொடுத்த அறுவை சிகிச்சைப் புத்தகத்தில் எனக்கு விளங்கியதையும்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் யாரும் செய்து பார்ப்பதற்காக அல்ல.

மணி ஏழு வயது லாப்ரடார். குவார்ட்டர்ஸில் இருந்தவரை அதற்கு முற்றம் இருந்தது. ஓய்வு பெற்று அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின், வாசலிலிருந்து கூடம் வரை மூன்றடி அகல நடைதான் அதன் உலகம். காலிங் பெல் அடித்தால் போதும், அந்த நடையில் நின்று வாலை இரண்டு பக்கச் சுவரிலும் அடித்துக்கொண்டே வரவேற்கும். ஒரு நாள் பார்த்தால் சுவரெங்கும், ஆள் உயரத்துக்கு, ரத்தப் புள்ளிகள். வால் நுனி பிளந்திருந்தது. டாக்டர்கள் இதை வேடிக்கையாக 'மகிழ்ச்சி வால்' என்கிறார்கள். கனமான நீண்ட வாலும் குட்டை மயிரும் உள்ள நாய்களுக்கு இது அடிக்கடி வரும். சாட்டையின் பிடி மெல்ல அசைந்தாலும் நுனி எத்தனை வேகத்தில் வீசும் என்பது நமக்குத் தெரியும். அந்த நுனியில் தோலும் எலும்பும்தான். இடையில் சதை கிடையாது. ரத்தமும் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. ஆறத் தொடங்கும்போதே அடுத்த அடி விழுந்துவிடும்.

இங்கே என் தவறைச் சொல்லியாக வேண்டும். ரத்தம் நிற்கவேண்டுமே என்று பஞ்சு வைத்து, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நுனியிலிருந்து நான்கு அங்குலத்துக்கு இறுக்கச் சுற்றினேன். அந்த டேப் இழுத்துச் சுற்றினால் பிறகும் சுருங்கிப் பிடிக்கும். கம்பிக்கு அதுதான் வேண்டும். ரத்தம் நின்றது, வேலை முடிந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நான்காம் நாள் நாற்றம் வரவே பிரித்துப் பார்த்தேன். நுனி சில்லென்று, கறுத்துப் போயிருந்தது. டாக்டர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "காகா, அடிபட்ட காயத்தை ஆற்றியிருக்கலாம். இது ரத்தம் போகாமல் செத்த சதை, இதை ஆற்ற முடியாது" என்றார். வெறும் காயத்தோடு முதல் நாளே போயிருந்தால், தளர்வான பஞ்சுக் கட்டும், அதன்மேல் நுரைக்குழாய் உறையும் போட்டு, சுவர் ஓரங்களுக்கு மெத்தை வைத்துச் சில வாரம் பார்த்திருப்போம் என்றும் சொன்னார். அப்படி ஆறுகிற வால்களும் உண்டாம். மணியின் வாலுக்கு அந்த வாய்ப்பைப் பறித்தது நான்தான்.

ஆறாத காயம் தவிர, கதவிலோ வாகனத்திலோ நசுங்கிய வால், தோல் உரிந்து எலும்பு தெரியும் வால், கட்டி, எலும்பு வரை போன சீழ் ஆகியவற்றுக்கும் இந்தச் சிகிச்சை செய்கிறார்கள். புல்டாக் போன்ற இனங்களில் வால் திருகி உள்மடிந்து, மடிப்புத் தோலில் ஓயாமல் புண் வருவதும் ஒரு காரணம். கட்டியாக இருந்தால் எடுத்த பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வாலின் அமைப்பு

நாயின் வால் ஒரு ரயில் வண்டிதான். சின்னச் சின்ன முள்ளெலும்புகள் பெட்டிகள். எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். 6 முதல் 23 வரை இருக்கலாம், பெரும்பாலும் 20-ஐ ஒட்டி. இரண்டு எலும்புகளுக்கு நடுவே வட்டு. அது கப்ளிங். வண்டியின் அடியில் பிரேக் பைப் ஓடுவதுபோல வாலின் அடிப்பக்க நடுவில் முக்கியத் தமனி ஓடுகிறது. இரு பக்கங்களிலும் துணைத் தமனிகளும் சிரைகளும் உண்டு. தண்டுவடம் இடுப்புப் பக்கமே முடிந்துவிடுகிறது. அதிலிருந்து கிளம்பும் நரம்புக் கற்றைதான் வாலுக்கு வருகிறது. அந்தக் கற்றைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே 'குதிரை வால்'. அடிவாலின் முதல் சில எலும்புகளில் ஆசனவாய்ப் பகுதியைத் தாங்கும் தசைகள் வந்து பற்றியிருக்கின்றன. ஆகவே நோய் இடம் கொடுத்தால் அடிவாலைத் தொடாமல் விடுவதே வழக்கம்.

ஆனால் நுனியில் செத்த அங்குலத்தை மட்டும் எடுத்தால் என்ன? நானும் அதைத்தான் கேட்டேன். மிச்ச வால் மறுபடி சுவரில் அடிக்கும், மறுபடி பிளக்கும், இரண்டாம் தடவை மயக்கம் கொடுக்க நேரும் என்றார். அதனால் நல்ல சதைக்குள் சென்று, சுவரை எட்டாத நீளத்தில் நிறுத்துகிறார்கள். மணிக்கு ஆறு அங்குலம் மிஞ்சியது.

அறுவை சிகிச்சை

அறுவை அறைக்குள் என்னை விடவில்லை, விடாததே சரி. முந்தின நாளே ரத்தப் பரிசோதனை ஆனது. இரவுக்குப் பின் உணவு கொடுக்கவேண்டாம் என்றார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, அதோடு இடுப்புக்குக் கீழே முதுகெலும்பில் மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள். மயக்கம் தெளிந்தபின்னும் சில மணி நேரம் வலி தெரியாமலிருக்க அது உதவுகிறது. பிறகு மயிரை மழித்து, கிருமிநாசினியால் துடைத்து, நோய்ப்பட்ட நுனியைத் துணியால் பொதிந்துவிடுகிறார்கள். அடிவாலில் ரத்தக்கட்டுப் பட்டை ஒன்று போடப்படுகிறது. நான் போட்டதும் ஒருவகையில் அதேதான். அவர்கள் அதைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். நான் நான்கு நாள் வைத்திருந்தேன்.

எலும்பு பிரியவேண்டிய இடத்தில் தோலை வெட்டுவதில்லை. அதற்கும் கீழே, நுனிப் பக்கமாகத் தள்ளி, மேலும் கீழும் நாக்குப் போன்ற இரண்டு மடல்கள் கிடைக்கும்படி தோலைக் கீறுகிறார்கள். பெட்டியின் இருக்கைக்கு ரெக்சின் வெட்டுபவர் மடிப்புக்கு ஓரம் விட்டு வெட்டுவாரே, அந்தக் கணக்கு. மேல் மடல் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதை எலும்பின் முனைக்கு மேல் போர்த்தினால் தையல் கோடு நேர் முனையில் வராமல் அடிப்பக்கம் தள்ளிப் போய்விடும். தோலை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் பிய்ந்துவிடும். தளர்ச்சியாக வந்து சேரவேண்டும்.

தோலை அடிவால் பக்கமாக ஏற்றிவிட்டு, தமனிகளையும் சிரைகளையும் தேடி ஒவ்வொன்றாக நூலால் கட்டுகிறார்கள். ஆங்கிள் காக்கை மூடாமல் பிரேக் பைப்பைப் பிரித்தால் என்ன ஆகும் என்று நம் சங்கத்து ரயில்வேக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிய பிறகே கத்தி இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டில் நுழைகிறது. எலும்பை நடுவில் அறுத்தால் முனை கரடாகிவிடும், அது தோலைக் குத்தும். ஆகவே பெட்டியை அறுப்பதில்லை, கப்ளிங்கைக் கழற்றுகிறார்கள். அடுத்து, மூடுவதற்கு முன்பே பட்டையைத் தளர்த்தி எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் நாங்கள் காற்று ஏற்றிக் கசிவு பார்ப்பதும் இதற்காகத்தான். கசிவு இல்லையென்றால் உள்சதையைத் தானே கரையும் நூலால் எலும்பின் மேல் கூட்டித் தைத்து, மேல்தோலைத் தனித்தனித் தையல்களாகப் போட்டு முடிக்கிறார்கள். மணி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் கவனிப்பு

நம் பொறுப்பு இங்கேதான் ஆரம்பம். முதல் இரவு மணி தள்ளாடியது, முனகியது. கட்டிலிலோ சோபாவிலோ படுக்க வைக்காமல் தரையில் கம்பளம் விரித்துப் படுக்க வைத்தோம். தெளிந்தபின் கொஞ்சம் தண்ணீர், பிறகு கொஞ்சம் தயிர்சாதம். வலி மருந்து டாக்டர் எழுதியது மட்டுமே. நம் அலமாரியில் இருக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் தாமாகக் கொடுக்கவே கூடாது. நமக்கு ஒரு மாத்திரை. நாய்க்கு வயிற்றிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் பெரும் கேடு விளைவிக்கக்கூடியது.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் புனல் இருக்கிறதே, அதைப் பார்த்தால் நமக்கே பரிதாபமாக இருக்கும். தையல் பிரிக்கும்வரை இரவும் பகலும் அது இருந்தாக வேண்டும். ஐந்தாம் நாள், சாப்பிடச் சிரமப்படுகிறதே என்று கழற்றினேன். டெலிபோன் மணி அடித்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு தையலை நக்கி இழுத்துவிட்டது. நல்லவேளை, தோல் ஒட்டத் தொடங்கியிருந்தது, மறுதையல் தேவைப்படவில்லை. அதன்பின் என் மனைவி ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை உயர்த்தி வைத்தாள். புனலோடு சுகமாகச் சாப்பிட்டது. இது முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

காலையும் மாலையும் காயத்தைப் பார்க்கவேண்டும். லேசான வீக்கமும் முதல் ஓரிரு நாள் துளிக் கசிவும் இயல்பு. வீக்கம் நாளுக்கு நாள் ஏறுதல், சீழ், நாற்றம், தோல் விளிம்பு கறுத்தல், தையல் திறந்துகொள்ளுதல், உணவை மறுத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போய்விடுங்கள். நாயின் உடல் வெப்பம் நம்மைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். 100-ஐத் தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம்.

கட்டுப் போட்டு அனுப்பினால் அது நனையக் கூடாது, இறுகவும் கூடாது. எங்களுக்கு மூன்றாம் நாளே கட்டை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் பற்று, வேப்பெண்ணெய், பவுடர் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதையும் போடவில்லை. எங்களுக்கு இது நடந்தது ஜூலை மாத மழையில். ஈ ஒன்று காயத்தில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். ஆகையால் மணி வீட்டுக்குள்ளேயே, மின்விசிறிக்கு அடியில். வெளியே போவது கயிற்றோடு, ஐந்து நிமிடம், ஈரத்தில் உட்கார விடாமல். குளியல் கிடையாது. காலிங் பெல்லையும் இரண்டு வாரத்துக்குக் கழற்றி வைத்தேன். பெல் அடிக்காவிட்டால் வால் ஆடாதல்லவா! பால்காரர் கதவை மெல்லத் தட்டிவிட்டுப் போனார்.

பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். மணிக்குப் பன்னிரண்டாம் நாள். அதன்பின்னும் சில நாய்கள் மாதக்கணக்கில் முனையைத் திரும்பிப் பார்த்துக் கடிக்குமாம். வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சுப்போல் வளர்ந்து வலிப்பதும் அதற்குக் காரணமாகலாம். அப்படி இருந்தால் 'பழக்கம்' என்று விட்டுவிடாமல் காட்டவேண்டும்.

குட்டியின் வால்

டாபர்மேன் நண்பருக்கு வருகிறேன். பிறந்த மூன்று முதல் ஐந்து நாளில், பெரும்பாலும் மயக்க மருந்தே இல்லாமல், கத்தரித்தோ ரப்பர் வளையம் போட்டோ குட்டியின் வாலை எடுக்கிறார்கள். சின்னக் குட்டிக்கு வலிக்காது என்பது வெறும் பேச்சு. ரப்பர் வளையம் என்ன செய்யும் என்பதை என் கையால் நான் செய்து பார்த்துவிட்டேன். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான கொலுமெல்லா, நாற்பது நாள் குட்டியின் வால் நுனியை எடுத்தால் வெறிநோய் வராது என்று எழுதி வைத்தார். அந்த நம்பிக்கை போய்விட்டது, வழக்கம் மட்டும் வேறு வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டு தொடர்கிறது. பின்னால் அடிபடாமலிருக்கத்தான் இப்போதே வெட்டுகிறோம் என்பது இன்றைய காரணம். பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரே ஒரு வால் காயத்தைத் தடுக்கச் சுமார் 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்குமாம். மணி அந்த ஒன்றுதான். அதற்காக மற்ற 499 நாய்களின் வாலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வால் நாயின் பேச்சும்கூட. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தார் ஓர் இயந்திர நாய்க்கு நீண்ட வாலும் குட்டை வாலும் மாட்டிப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். நீண்ட வால் ஆடினால் பெரிய நாய்கள் தைரியமாக நெருங்கின, ஆடாமல் நின்றால் தயங்கின. குட்டை வால் ஆடினாலும் நின்றாலும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பியச் செல்லப்பிராணிகள் உடன்படிக்கை 1987-லேயே அழகுக்காக வால் வெட்டுவதைத் தடை செய்தது. நம் நாட்டில் 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கின் அங்கத்தைச் சிதைப்பதைக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. விற்பவரிடம், "வாலோடு கொடுத்தால் வாங்குகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். அடுத்த ஈற்றில் வாலோடு ஒரு குட்டியைத் தனக்கென்று சொல்லி வைத்திருப்பதாகப் போன வாரம் வந்து சொன்னார். நீண்ட வாலோடு வரப்போவதால், வீட்டு நடையின் அகலத்தையும் அளந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு நடையின் ஓரங்களில் ஒட்டிய நுரை மெத்தை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறு அங்குல வாலுக்கு அது தேவையில்லைதான். பிய்த்து எடுக்க என் மனைவி விடமாட்டேன் என்கிறாள்.