நாற்காலி யோகம்: ஆசிரியராகத் தொடங்குவோருக்கு ஒரு பாடம்

விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரத்திற்கு மரம் குனிந்து பால்வெட்டி, வாளி சுமந்து உழைத்த தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது. மலாக்கா மாநிலத்தின் குருபோங் போன்ற ஊர்களில், லயங்களை விட்டுத் தாமான் வீடுகளில் குடியேறிய இப்பெரியோர்களைக் காணலாம். யோகாசன வகுப்பிற்கு அழைத்தால், “தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே” என்று இவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். இவர்களுக்குப் பொருத்தமானது நாற்காலி யோகம். அதனைக் கற்பிக்க விரும்புவோர் முதற்கண் அறிய வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

தோற்றம்

மைசூரில் யோகம் பயிற்றுவித்துப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), பயிற்சி அவரவர் உடல்நிலைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்று போதித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்நெறியைப் பரப்பியது. அவர் மாணவர் பி. கே. எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிற்றுப்பட்டை, மரக்கட்டை ஆகியவற்றைப் பயிற்சித் துணைகளாக்கினார். அமெரிக்காவில் லட்சுமி வோல்கர் என்னும் அம்மையார் 1982இல் நாற்காலி யோகத்தைத் தனிமுறையாக வகுத்தார். ஆசனத்திற்காக மனிதரை வளைப்பதன்று. மனிதருக்காக ஆசனத்தை மாற்றுவதே இவை அனைத்தின் அடிப்படை.

ஆசிரியரின் தகுதி

முதலில் தாமே முறையாகப் பயில வேண்டும். பல நாடுகளில் 200 மணி நேரப் பயிற்சி ஆசிரியருக்குரிய தொடக்க நிலையாகக் கருதப்படுகிறது. அதனுடன் முதியோருக்கான தனிப் பயிற்சியும் முதலுதவி அறிவும் வேண்டும். ஆசிரியரும் நாற்காலியில் அமர்ந்தே கற்பித்தல் நன்று. மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அப்பொழுதுதான் புலப்படும்.

நாற்காலியும் இடமும்

நான்கு கால்களும் உறுதியாக நிற்கும், சாய்மானமுள்ள நாற்காலியே ஏற்றது. சக்கரமுள்ளதும் வளைந்து கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியும் ஆகா. வழுக்கும் தரையாயின் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைக்கவும். பாதம் தரையில் முழுமையாகப் படியாதவருக்குக் காலடியில் உறுதியான பலகை இடவும்.

கேட்டறிய வேண்டியவை

முதல் நாளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விசாரித்தல் இன்றியமையாதது. உயர் இரத்த அழுத்தமும் கண் அழுத்த நோயும் உள்ளோர் தலையைத் தாழ்த்திக் குனியலாகாது. மூச்சை அடக்கவும் கூடாது. எலும்புத் தேய்வு உள்ளோர் பலமாக முன்வளைவதையும் முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுவோர் வெறும் வயிற்றுடன் பயிலலாகாது. ஐயமிருப்பின் மருத்துவரின் ஆலோசனை பெற்று வரச் செய்க. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி 999 எண்ணை அழைக்க வேண்டும்.

பாடத்தின் அமைப்பு

முப்பது நிமிடங்கள் தொடக்கத்திற்குப் போதும். அமைதியான மூச்சுடன் தொடங்கி, கணுக்கால், மணிக்கட்டு, தோள் ஆகியவற்றை மெல்ல அசைக்கச் செய்க. பின்னர்க் கைகளை உயர்த்துதல், முதுகை மெதுவாகத் திருப்புதல், நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று குதிகாலை உயர்த்துதல் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். இறுதியில் சில நிமிடங்கள் ஓய்வு அளிக்கவும். “வலித்தால் நிறுத்துங்கள், அம்மா” என்று அடிக்கடி நினைவூட்டுவது ஆசிரியரின் கடமை.

எங்கே தொடங்குவது?

கோயில் மண்டபம், பொதுமண்டபம், முதியோர் நடவடிக்கை மையம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களை அணுகி அனுமதி பெறலாம். நான்கைந்து பேருடன் தொடங்குவதே நலம். ஒவ்வொருவரையும் கவனிக்க இயலும்.

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியைப் படிப்படியாகக் கற்பியுங்கள். தொடக்கத்தில் கையூன்றி எழுவதும் தவறன்று. நள்ளிரவில் மகளை எழுப்பாமல் ஒரு மூதாட்டி தாமே எழுந்து நடப்பாராயின், அதுவே ஆசிரியர் பெறும் சிறந்த நற்சான்றிதழாகும்.